நூலுக்குரிய எழுத்து

நூலைப் படிப்பவர் எழுத்தைப் பார்ப்பதில்லை. கண் எழுத்தின்மேல் செல்கிறது; மனமோ பொருளின்மேல் செல்கிறது. ஒரு பக்கத்தைப் படித்து முடித்த ஒருவரிடம், அதில் இருந்த ககரத்தின் வளைவு எத்தகையது என்று வினவினால், அவர் விடை கூற மாட்டாமல் விழிப்பார். அஃது அவர் குறை அன்று. அந்த எழுத்தை அமைத்தவனின் திறமையாகும். ஒரு நூலின் முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரையில் வரிவரியாக நிறைந்து நிற்கும் எழுத்தையே இங்கு நூலெழுத்து என்கிறோம்.

எல்லா எழுத்தும் இவ்வாறு அடங்கி நிற்பதில்லை. கடைப்பலகை எழுத்து, வழியில் செல்பவனை அழைத்து நிறுத்துவதற்காகவே பிறந்தது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில், கருநாடக எல்லையும் ஆந்திர எல்லையும் அணுகி நிற்கும் ஊர் வேப்பனப்பள்ளி. தமிழும் தெலுங்கும் கன்னடமும் அவ்வட்டாரத்து மக்களின் நாவில் ஒருங்கே வழங்குகின்றன. அங்கே கடைவீதியில் நடப்பவன் சிவப்பும் பச்சையுமாகத் தீட்டிய பெரிய எழுத்துக்களைக் காண்பான். நிழல் விழுவது போலத் தீட்டியவை சில. கொடி சுற்றியது போல நீட்டியவை சில. பலகைக்கு அவை பொருந்தும். அத்தகைய எழுத்தினால் இருநூறு பக்கம் அச்சிட்டுக் கையில் கொடுத்தால், இரண்டு பக்கம் கடப்பதற்குள் படிப்பவன் கண் சோர்ந்துவிடும். அழைக்கும் எழுத்து வேறு. உடன் நடந்து வரும் எழுத்து வேறு. பின்னதன் அமைப்பையும் பயனையும் பற்றியே இப்பாடம் கூறுகின்றது.

எழுத்தின் வடிவத்தை முதலில் உறுதி செய்வது எழுதும் கருவியும் எழுதப்படும் பொருளுமே ஆகும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் பழைய நடுகற்கள் பல உள்ளன. ஆநிரை காத்து வீழ்ந்த மறவர்களின் உருவும் பெயரும் அவற்றில் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுட் பல வட்டெழுத்தால் ஆனவை. கல்லில் உளியால் வெட்டும்போது எழுத்துப் பெரிதாகவும் ஆழமாகவும் அமைகிறது. ஒரு கல்லில் சில வரிகளே அடங்குகின்றன.

பனையோலையின் இயல்பு வேறு. இரும்பு எழுத்தாணியால் ஓலையைக் கீறி எழுதினர். கீறல் எங்கும் ஒரே பருமனாக இருக்கும். தடித்தும் மெலிந்தும் வாராது. புள்ளி வைக்கும் இடத்தில் ஆணியின் முனை அழுந்தினால் ஓலை துளைபடும். ஆதலின் ஏடு எழுதுவோர் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். மெய்யெழுத்தும் அகரம் ஏறிய எழுத்தும் ஒன்றாகவே தோன்றின. எகர ஒகரக் குற்றெழுத்துக்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் முதலிய இலக்கண நூல்கள் விதித்திருந்தும், ஏட்டில் அப்புள்ளியும் இல்லாது போகவே, 'கொல்' என்பதும் 'கோல்' என்பதும் ஒரே வடிவம் பெற்றன. காலும் ரகரமும் ஒன்றே போல எழுதப்பட்டன. ஏடு படிப்பவர் இடம் நோக்கியும் யாப்பு நோக்கியும் பொருள் துணிந்தனர். பயின்ற புலவர்க்கு அஃது இயன்றது. பயிலாதவர்க்கு ஏடு ஊமையாகவே இருந்தது. 1887-ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியை உரையுடன் அச்சேற்றிய உ. வே. சாமிநாதையர் போன்றோர், இத்தகைய ஏடுகளைப் படித்தே நம் பழைய நூல்களை மீட்டுத் தந்தனர் என்பதை மாணவர்கள் நினைவில் இருத்துக.

மேனாட்டு எழுத்தின் வரலாறு கல்லையும் இறகுப் பேனாவையும் ஒட்டியது. உரோமாபுரியில் கி.பி. 113-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட டிராஜன் மன்னனின் தூணில் வெட்டிய எழுத்துக்கள் இன்றும் அழகு குன்றாமல் இருக்கின்றன. ஒவ்வொரு கோட்டின் முனையிலும் பாதம் வைத்தது போன்ற ஒரு சிறு குறுக்குக் கோடு அவற்றில் உண்டு. இதனைச் செரிஃப் என்பர். கல்லில் வெட்டுமுன் தட்டைத் தூரிகையால் எழுதியதால் இம்முனைகள் உண்டாயின என்று கூறுவோர் உளர். 1450-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனி நாட்டில் கூட்டன்பர்க் உலோக எழுத்துக்களை வார்த்து நூல் அச்சிட்டார். 1470-இல் வெனிஸ் நகரில் நிக்கலா ஜென்சன் என்பவர், உரோம எழுத்தின் செரிஃபைக் காத்து, நூலுக்கேற்ற சிறிய எழுத்தை அமைத்தார். பின்னர் இங்கிலாந்தில் காஸ்லன் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய எழுத்துக்களால், 1776-இல் அமெரிக்க விடுதலை அறிக்கை அச்சாயிற்று. லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்காக ஸ்டான்லி மாரிசன் என்பவரின் மேற்பார்வையில் வரையப்பெற்று 1932-இல் வெளிவந்தது 'டைம்ஸ் நியூ ரோமன்'. செய்தித்தாளின் குறுகிய பத்தியில் மிகுதியான சொற்களை அடக்க வேண்டும், அடக்கினாலும் கண்ணை வருத்தலாகாது என்னும் இரண்டு நோக்கமும் அதில் நிறைவேறின. எழுத்தின் முனையில் நிற்கும் சிறு கோடுகள் கண்ணை வரியின் வழியே இட்டுச் செல்கின்றன என்பது அச்சுக்கலைஞர் பலரின் கருத்து.

நம் எல்லைப்புறத்து மாணவர்கள் இங்கு ஒன்றை நினைக்கக் கூடும். தெலுங்கு, கன்னட எழுத்துக்களின் தலையில் 'தலைக்கட்டு' என்னும் ஒரு கோடு இருக்கிறதே, அது செரிஃப் ஆகாதா? ஆகாது. தலைக்கட்டு அணி அன்று. அகர உயிரைக் குறிக்கும் உறுப்பு. இகரமோ வேறோர் உயிரோ ஏறும்போது அக்குறி பெரும்பாலும் தலைக்கட்டின் இடத்தைப் பற்றிக்கொள்ளும். செரிஃபோ நீக்கினாலும் எழுத்து மாறாது; ஒலியும் மாறாது. தமிழ் எழுத்துக்குத் தலைக்கட்டும் இல்லை, செரிஃபும் இல்லை. பகரம், மகரம், யகரம், டகரம் போன்றவை தம் அடிக்கோட்டின்மேல் தாமே அமர்ந்திருக்கின்றன. ஏனையவை வளைவாலும் சுழியாலும் நிற்கின்றன. ஆதலின் மேனாட்டார் முனைக்கோட்டால் பெற்ற பயனைத் தமிழ் அச்செழுத்து வேறு வழிகளில் பெற வேண்டியிருந்தது. அவ்வழிகளைக் காணுமுன், தமிழ் எழுத்து ஈயத்துக்கு வந்த வரலாற்றைச் சிறிது அறிவோம்.

1554-இல் லிஸ்பன் நகரில் தமிழ்ச் சொற்களைக் கொண்ட ஒரு நூல் அச்சாயிற்று. ஆனால் அதிலிருந்த எழுத்து உரோம எழுத்து. தமிழ் எழுத்தாலேயே அச்சான நூல்களுள் நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல், 1578-இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. அது 16 பக்கமே உடையது. அண்டிரிக்கு அடிகளார் அதனைத் தமிழில் ஆக்கினார். 1577-இல் கோவாவில் ஒரு தொகுதி எழுத்தும், 1578-இல் கொல்லத்தில் மற்றொரு தொகுதியும் வார்க்கப்பட்டன. ஏட்டில் இருந்தபடியே வார்த்தமையால் அந்நூலில் மெய்க்குப் புள்ளி இல்லை. கருவி புதிது, பழக்கம் பழையது. ஓலை துளைபடும் என்ற அச்சம் ஈயத்துக்கு இல்லை அன்றோ? ஆயினும், புள்ளி அச்சில் முழுமையாக நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் வாழ்ந்த வீரமாமுனிவர், எகர ஒகரங்களின் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்த இன்று நாம் எழுதும் முறையை வகுத்தார் என்பர். ஏகாரத்தின் காலில் நிற்கும் சாய்கோடும், ஓகாரத்தின் அடியில் உள்ள சுழியும், இரட்டைக் கொம்பும் அவ்வகையில் நாம் பெற்றவை.

அடுத்துத் தரங்கம்பாடி. 1706-இல் அங்கு வந்த சீகன்பால்கு ஐயருக்கு, ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் வார்த்த தமிழ் எழுத்துக்கள் 1713-இல் வந்து சேர்ந்தன. அவை அளவில் மிகப் பெரியவை. புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியபோது, அந்த எழுத்தால் முழு நூலையும் அச்சிடக் கையில் உள்ள காகிதம் போதாது என்பது தெரிந்தது. அக்காலத்தில் காகிதம் கடல் கடந்து வர வேண்டும். ஆதலால் ஆட்லர் என்பவர் தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துக்களை வார்த்தார். அதற்கு ஈயம் போதாமல், இங்கிலாந்திலிருந்து பாலாடைக்கட்டி அடைத்து வந்த ஈயத் தகடுகளை உருக்கிக்கொண்டனர் என்று ஒரு செய்தி வழங்குகின்றது. அருகே பொறையாற்றில் காகித ஆலை ஒன்றும் ஏற்பட்டது. நூலெழுத்தின் அளவு கண்ணின் வசதியை மட்டும் சார்ந்தது அன்று, காகிதத்தின் விலையையும் சார்ந்தது என்பதைத் தமிழ் அச்சுத்தொழில் தொடக்கத்திலேயே அறிந்துகொண்டது.

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது அங்கிருந்த அச்சுப்பொறியையும் எடுத்துச் சென்றனர். அது சென்னை வேப்பேரியில் பப்ரிசியுசு ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய தமிழ் அகராதி 1779-இல் வெளியாயிற்று. திருக்குறள் மூலம் 1812-இல் முதன்முதலாக அச்சில் வந்தது. 1835-இல் அச்சுக்கூடங்களின்மேல் இருந்த கட்டுப்பாடு நீக்கப்பட்ட பின், நம் நாட்டினர் பலர் தாமே அச்சுக்கூடம் வைத்து நடத்தலாயினர். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் நிறுவிய அச்சுக்கூடமும் அந்நூற்றாண்டைச் சேர்ந்ததே.

இவ்வரலாற்றில் நான் தனித்துப் போற்றும் பெயர் ஒன்று உண்டு. சென்னை அமெரிக்க மிஷன் அச்சுக்கூடத்தை நடத்திய ஹண்ட் என்பவரே அவர். அவருக்கு முன் இருந்த தமிழ் எழுத்துக்கள் பெரும்பாலும் பருத்தவை, ஒன்றோடொன்று இசையாதவை. ஹண்ட், சிறியனவும் தெளிவானவும் ஆகிய எழுத்துக்களைப் புதிதாக அமைப்பித்தார். அவர் அச்சிட்ட வின்சுலோ அகராதி 1862-இல் வெளிவந்தது. 67,000-க்கும் மேற்பட்ட சொற்கள் அதில் ஒரே தொகுதியாக அடங்கின. தமிழ்ச் சொல்லும் ஆங்கிலப் பொருளும் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்க வேண்டிய நூல் அது. தரங்கம்பாடிக்கு முதலில் வந்த எழுத்தால் அதனை அச்சிட்டிருந்தால் எத்தனை தொகுதி ஆகியிருக்கும், அதனை எத்தனை பேர் விலை கொடுத்து வாங்கியிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கலாம். புலவர் புகழ் பேசும் நாம், எழுத்து வார்த்தவன் பெயரைக் கேட்டறிவதே இல்லை.

இனி, உலோக எழுத்தை ஆக்கும் முறையைக் காண்போம். எஃகுத் துண்டு ஒன்றின் முனையில் எழுத்தை இடவலம் மாறியதாகச் செதுக்குவர். அதனைச் சூடேற்றித் தோய்த்துக் கடினமாக்கிச் செம்புத் தகட்டின்மேல் வைத்து அறைவர். செம்பில் எழுத்து நேரிய வடிவில் குழியாக விழும். அக்குழியை ஓர் அச்சுக் கருவியின் அடியில் பொருத்தி, உருக்கிய உலோகத்தை வார்ப்பர். காரீயமே அதன் பெரும்பகுதி. அதனுடன் ஆண்டிமனியும் வெள்ளீயமும் கலந்திருக்கும். காரீயம் மட்டும் இருப்பின் எழுத்து விரைவில் நசுங்கும். ஆண்டிமனி அதற்கு உறுதி தருவதுடன், ஆறும்போது உலோகம் சுருங்குவதையும் குறைக்கிறது. எழுத்தின் விளிம்பு கூராக அமையும். வெள்ளீயம் உருகிய உலோகம் எளிதில் ஓட உதவும். எழுத்துக் கட்டையின் உயரம் 0.918 அங்குலம். இதில் மயிரிழை மிகினும் குறையினும் அந்த எழுத்து அழுந்தப் பதியும், அன்றேல் பதியாமலே போகும்.

எழுத்தின் அளவைப் பாயிண்டு என்னும் அலகால் கூறுவர். ஓர் அங்குலத்தில் ஏறக்குறைய 72 பாயிண்டுகள் அடங்கும். ஆங்கிலத்துக்குப் பெரிய எழுத்து 26, சிறிய எழுத்து 26, ஆக 52 வடிவங்கள் போதும். தமிழுக்கு எத்தனை வேண்டும்? மாணவர்களே, எழுதுகோலை எடுத்துக் கூட்டிப் பாருங்கள். உயிர் 12, ஆய்தம் 1, அகரம் ஏறிய மெய் 18, புள்ளி பெற்ற மெய் 18, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஏறியவை பதினெட்டு நான்காக 72, கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என 4. மொத்தம் 125. வடவெழுத்து, எண், நிறுத்தற்குறி ஆகியவை இதில் சேரவில்லை. ஙகர வரிசையில் பல வழக்கில் இல்லை எனினும், அச்சுக்கோப்பவர் முன் இருந்த அறைப்பெட்டியில் நூற்றுக்கு மேற்பட்ட அறைகள் தேவைப்பட்டன. அடிக்கடி வரும் எழுத்துக்கள் கைக்கு அருகிலும், அருகி வருவன தொலைவிலும் வைக்கப்பட்டன. அவர் பெட்டியைப் பாராமலே கைநீட்டி எடுப்பார். 'கொ' என்ற ஓரெழுத்துக்குக் கொம்பு, ககரம், கால் என மூன்று முறை எடுப்பார்.

பாட்டின் ஓசைக்கு அசை எப்படியோ, நூலெழுத்தின் தெளிவுக்கு அதன் உள்வெளி அப்படி. மகரத்தின் உட்புறத்தும், சகரத்தின் வளைவுக்குள்ளும், ணகரத்தின் சுழிகளுக்குள்ளும் அடைபட்டு நிற்கும் வெள்ளையிடத்தையே உள்வெளி என்கிறேன். அச்சு மை சிறிது பரவும் இயல்பினது. மூன்று சுழி உடைய ணகரத்தைச் சிறிதாக வார்த்தால், மை பரவிச் சுழி அடைபட்டு அது இருசுழி னகரமாகத் தோன்றும். 'மணம்' 'மனம்' ஆகிவிடும். இதனைத் தவிர்ப்பதற்காக எழுத்தமைப்போன் சுழியைச் சற்றே அகலமாக விடுகிறான். கோடுகள் கூடும் மூலையில் கோட்டை மெலிதாக்குகிறான். வளைவில் கோடு பருத்தும் கூடும் இடத்தில் மெலிந்தும் வருவது அழகுக்காக மட்டும் அன்று. மைக்கு இடம் விடுவதற்காகவும் ஆகும். எழுத்தாணியின் ஒரே பருமனான கீறலிலிருந்து அச்செழுத்து விலகிய இடம் இதுவே. செரிஃப் எழுத்தில் காணும் பருமனும் மெலிவும் தமிழ் நூலெழுத்திலும் இவ்வாறு இடம் பெற்றன. ஆனால் மெலிவுக்கும் எல்லை உண்டு. மிக மெலிந்த கோடு ஆயிரம் படிகள் அச்சாவதற்குள் தேய்ந்து முறியும்.

முறிந்தால் நேர்வது யாது? ஏகாரத்தின் காலில் உள்ள சாய்கோடு சிறியது. அது முறிந்தால் 'ஏரி' 'எரி' ஆகும். 'ஏடு' 'எடு' ஆகும். ஓகாரத்தின் அடிச்சுழி தேய்ந்தால் 'ஓடு' 'ஒடு' ஆகும். ஆங்கிலத்தில் ஒரு செரிஃப் முறிந்தால் எழுத்தின் அழகே குறையும். தமிழில் ஒரு சாய்கோடு முறிந்தால் பொருளே கெடும். வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் ஏரிகள் பல. நிலப் பத்திரங்களில் 'ஏரிக்குக் கிழக்கு' என்று எல்லை கூறுவது வழக்கம். முன்பொரு நாள், எங்கள் பக்கத்து விழா ஒன்றின் அழைப்பிதழில் 'ஏரிக்கரை' என்பது 'எரிக்கரை' என அச்சாகி வந்தது. தேய்ந்த எழுத்தின் குறை என்று அச்சகத்தார் கூறினர். ஊரார் நகைத்து விட்டுவிட்டனர். அழைப்பிதழில் நகைப்போடு போயிற்று. பத்திரத்தில் ஆயின் வழக்காக முடியும்.

மற்றொரு சோதனையை நீங்களே செய்து பார்க்கலாம். இப்பக்கத்தின் ஒரு வரியை எடுத்துக்கொண்டு அதன் கீழ்ப்பாதியை ஒரு தாளால் மறைத்துப் படியுங்கள். உகர ஊகாரக் குறிகளும், ஏகார ஓகாரங்களின் வாலும், றகரம், தகரம் முதலியவற்றின் இறக்கமும் மறைந்துபோகும். பின்பு மேற்பாதியை மறைத்துப் பாருங்கள். புள்ளிகள் எல்லாம் மறையும். இகர ஈகார விசிறிகளும் மறையும். ஆங்கில வரியின் மேற்பாதி மட்டும் தெரிந்தாலே பெரும்பாலும் படித்துவிடலாம். தமிழ் வரிக்கு இரண்டு பாதியும் வேண்டும். இதனால் எழுத்தமைப்போனுக்கு ஒரு நெருக்கடி உண்டாகிறது. 12 பாயிண்டு உயரமுள்ள கட்டையில் மேலே விசிறிக்கும் புள்ளிக்கும் இடம் விட வேண்டும். கீழே உகரச் சுழிக்கும் இடம் விட வேண்டும். எஞ்சிய நடுப்பகுதியில்தான் ககரமும் மகரமும் அடங்க வேண்டும். ஆதலின் அவை உயரத்தில் குறுகி அகலத்தில் விரிகின்றன. மேல்வரியின் உகரச் சுழியும் கீழ்வரியின் விசிறியும் முட்டாதிருக்க, வரிகளுக்கிடையே மெல்லிய ஈயத் தகடுகளைச் செருகுவர். காகிதத்தை மிச்சப்படுத்த இத்தகட்டை நீக்குவோர் உண்டு. அது படிப்பவர் கண்ணிலிருந்து பிடுங்கும் மிச்சம் என்பதே என் கருத்து.

நூலெழுத்தின் பயன்கள் நூலின் வகைக்கேற்ப வேறுபடும். பழைய உரைநூல்களைப் பார்த்தவர் அறிவர்: மூலம் பெரிய எழுத்தில் நிற்கும், உரை அதனினும் சிறிய எழுத்தில் வரும், அடிக்குறிப்பும் பாடவேறுபாடும் இன்னும் சிறிய எழுத்தில் பக்கத்தின் அடியில் கிடக்கும். படிப்பவன் எது ஆசிரியன் வாக்கு, எது உரைகாரன் வாக்கு, எது பதிப்பித்தவன் வாக்கு என்பதைச் சொல்லாமலே அறிந்துகொள்கிறான். ஏட்டில் மூலமும் உரையும் ஒரே அளவில் தொடர்ந்து ஓடும். இரண்டையும் பிரித்தறிவதே ஒரு புலமையாக இருந்தது.

இதற்கு நேர்மாறானவை 'பெரிய எழுத்து' நூல்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து நல்லதங்காள் கதை என்று நூலின் பெயரிலேயே எழுத்தின் அளவையும் சேர்த்து விற்றனர். விளக்கொளியில் ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் சுற்றியிருந்து கேட்ட காலம் அது. எழுத்துக் கூட்டிப் படிப்போரும் பார்வை மங்கிய முதியோரும் அவற்றை விரும்பி வாங்கினர். அச்செழுத்தின் பெயரால் ஒரு நூல்வகையே வழங்கிய செய்தி வேறு மொழிகளில் மிகுதியாக இல்லை போலும். தாள் மட்டமானது, பிழை மலிந்தது என்று அவற்றைப் புலவர் சிலர் இகழ்வர். நான் அவ்வாறு இகழேன். அவற்றால் படிக்கக் கற்றவர் எண்ணற்றோர்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முதலில் பெரிய எழுத்து வரும். வலியுறுத்த வேண்டிய சொல் சாய்ந்த எழுத்தில் வரும். தமிழுக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பாகுபாடு இல்லை. நம் உலோக எழுத்துக்கள் பல இயல்பாகவே சற்று வலப்புறம் சாய்ந்திருந்தமையால், சாய்வெழுத்தும் தனித்துத் தோன்றாது. ஆதலால் தலைப்புக்கும் அருஞ்சொல்லுக்கும் தடித்த எழுத்தையே கையாண்டனர். அகராதியின் தலைச்சொல் தடித்து நிற்பதனாலேதான் கண் அதனை ஒரு நொடியில் கண்டுகொள்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியில் ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. அத்தனை சொற்களுக்கிடையே தேடும் சொல்லைக் கண்டெடுப்பதற்கு அகர வரிசை ஒரு துணை. எழுத்தின் வேறுபாடு மற்றொரு துணை.

1978-க்கு முன் அச்சான நூல் ஒன்றை உங்கள் நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் சில எழுத்துக்கள் உங்களைத் திகைக்க வைக்கலாம். ணகர, லகர, ளகர, னகரங்களின்மேல் ஐகாரம் ஏறும்போது, முன்னே கொம்பு வாராமல், யானை துதிக்கையைத் தூக்கியது போன்ற ஒரு வளைவு தலையில் நிற்கும். ணா, றா, னா ஆகிய மூன்றிலும் கால் தனியே நில்லாமல் எழுத்தோடு சுழிந்து கிடக்கும். அவற்றின் ஒகர ஓகார வடிவங்களும் அவ்வாறே. இப்பதின்மூன்று எழுத்துக்களுக்கும் அச்சுப்பெட்டியில் ஏழு தனி வடிவங்கள் வேண்டியிருந்தன. முன்பு கூட்டிய 125 இதனால் 132 ஆகும். இவற்றை மாற்ற வேண்டும் என்று பெரியார் 1935 முதல் கூறித் தம் இதழ்களிலும் மாற்றி அச்சிட்டு வந்தார். 1978-இல் தமிழ்நாட்டு அரசு அம்மாற்றத்தை ஏற்று ஆணையிட்டது. பழைய வடிவில் கற்ற என் போன்றோர்க்குக் கை சில காலம் தடுமாறியது உண்மை. எனினும் கற்கும் சிறுவர்க்கு விதி ஒன்றாயிற்று. அறைப்பெட்டிக்குச் சுமை குறைந்தது. அந்தத் துதிக்கையின் அழகு போயிற்றே என்று வருந்துவோரும் உளர். அவ்வருத்தமும் பொருளற்றது அன்று.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஈய எழுத்து மெல்ல மெல்ல விடைபெற்றது. கணினி வந்தது. அறைப்பெட்டிகள் பல பழைய இரும்புக் கடைக்குச் சென்றன; ஈயம் உருக்கப்பட்டது. 1991-இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகக் குறியீட்டு முறையில் தமிழுக்கும் இடம் உண்டு. அதன்படி 'கொ' என்பது ககரமும் ஒகரக் குறியும் ஆகிய இரண்டே குறியீடுகள். கொம்பை முன்னும் காலைப் பின்னும் வைத்துக் காட்டுவது எழுத்துருவின் கடமை. அக்கடமை அறியாத எழுத்துருவில் கொம்பு தனித்துப் பிரிந்து, புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைச் சுமந்துகொண்டு நிற்பதை நீங்கள் கைப்பேசியில் கண்டிருப்பீர்கள். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் அமைத்த 'இணைமதி' ஆப்பிள் கணினிகளில் இடம் பெற்றது. 'நோட்டோ செரிஃப் தமிழ்' என்றும் ஓர் எழுத்துரு உண்டு. தமிழ் எழுத்துக்குச் செரிஃப் இல்லை என்றோமே, பெயர் பொருந்துமா எனக் கேட்கலாம். செரிஃப் உடைய உரோம எழுத்தோடு ஒரே பக்கத்தில் இசைந்து நிற்குமாறு, கோட்டில் பருமனும் மெலிவும் வைத்து வரைந்தமையால் அப்பெயர் வந்தது.

இவ்வாறு இசைந்து நிற்பது எல்லைப்புறத்தார்க்கு இன்று அன்றாடத் தேவையாக உள்ளது. ஓசூர்த் தொழிற்சாலைகளில் பல மொழியினர் பணி செய்கின்றனர். ஒரே எச்சரிக்கைப் பலகை தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட வேண்டியிருக்கும். நான்கையும் ஒரே பாயிண்டு அளவில் இட்டால், தமிழ் அகன்று வரியை நிரப்பும். ஆங்கிலம் ஒடுங்கி நிற்கும். தெலுங்கும் கன்னடமும் தம் மேற்குறியாலும் கீழ்க்குறியாலும் வரிகளை முட்டும். பாயிண்டு எண்ணை ஒன்றாக்காமல், ககரத்தின் உயரமும் கோட்டின் கருமையும் ஏறக்குறைய ஒத்திருக்குமாறு ஒவ்வொன்றையும் தனித்தனி அளவில் அமைப்பதே முறை.

உங்கள் பள்ளி ஆண்டு மலருக்கு எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உங்களிடம் வரலாம். பெயரைக் கண்டோ, திரையில் பெரிதாக்கிக் கண்டோ துணிய வேண்டா. ஏரி, எரி, ஓடு, ஒடு, மணம், மனம், கொல், கோல், கலி, காலி என்னும் சொற்களை 10 பாயிண்டு அளவில், மலர் அச்சாகும் தாளிலேயே அச்சிட்டுக்கொள்ளுங்கள். மாலை நேரத்தில் வகுப்பின் கடைசிப் பலகையில் இருப்பவரிடம் அத்தாளைக் கொடுத்து, விரைந்து படிக்கச் சொல்லுங்கள். தடுமாறாமல் படித்தார் எனின் அந்த எழுத்தையே கொள்க.